உப்பு ஜாடிக்கு அந்தப் பக்கம்

அநியாயம் நடந்தது மாடத்திக்கு. செய்தவர் மகளிர் கல்லூரி விடுதியின் காப்பாளரும் ஆங்கிலத்துறைப் பேராசிரியருமான உலகம்மை மேடம். செய்த விதம் இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் நீளமான ஒற்றைக் கடப்பாக்கல் மேசையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மாடத்தியை, விரலில் சோறு ஒட்டியிருக்க, எழுந்திரு என்று சொல்லி எழுப்பி, சமையல்கட்டுக்குள் போய்க் கல்லுப்பு நிரப்பிய பெரிய பீங்கான் ஜாடியைத் தன் கையாலேயே அணைத்துத் தூக்கி வந்து, மேசையின் கடைக்கோடியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, "இனிமே நீ இதுக்கு அந்தப் பக்கம்" என்றார்.

அப்படி என்ன குற்றம்? மாடத்தியின் அம்மா அன்று காலை ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, எவர்சில்வர் டப்பாவில் மாட்டுக்கறி வறுவல் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், மாடத்தி அதை மேசையில் வைத்துத் திறந்தாள், அவ்வளவுதான். அந்த டப்பாவில் இருந்ததை வீட்டில் தின்கிறவர்கள் அதே மேசையில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் தங்கள் தட்டையே பார்த்துக் குனிந்துகொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாடத்திக்கு மனம் வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"போன வாரம் இதே மேசையிலதான கோழி பிரியாணிப் பொட்டலம் பிரிச்சாங்க மேடம், அப்ப எந்த ஜாடியும் வரலியே?"

"கோழி வேற, இது வேற."

"எதுல வேற? காலு கணக்குலயா?"

இரண்டு மூன்று இடத்தில் சிரிப்பு கிளம்பி உடனே அடங்கியது. உலகம்மை மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் மாடத்தி ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். மேடம் வகுப்பில் பேசுகிற அதே குரலில், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாடம் நடத்தினார்.

"எலிசபெத் ராணி காலத்துல பெரிய வீடுகள்ல எஜமானும் வேலையாளும் ஒரே மேசையிலதான் சாப்பிட்டாங்க. நடுவுல உப்பு வச்சிருப்பாங்க. உப்புக்கு மேல கௌரவமானவங்க, உப்புக்குக் கீழ மத்தவங்க. அவ்வளவு பெரிய நாகரிகமே அப்படித்தான் நடந்திருக்கு. உன்னை நான் வெளியவா போகச் சொன்னேன்? அதே மேசை, அதே சாப்பாடு. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மாடத்தி போய் உட்கார்ந்தாள். உட்காராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். கடைசிப் பருவத் தேர்வு வரப்போகிறது. அவள் ஊரிலிருந்து கிளம்பும் முதல் பஸ் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் தேர்வு பாதி முடிந்திருக்கும். விடுதி போனால் படிப்பும் போச்சு என்பது மேடத்துக்கும் தெரியும், மாடத்திக்கும் தெரியும். தொட்டிப் பக்கத்து ஈரத்தையும் எச்சில் வாடையையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தான் ஆசை ஆசையாகப் படித்த பாடத்தையே எடுத்து அதைக் கொண்டே தன் மண்டையில் அடித்ததைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் முருங்கைக்காய்ச் சாம்பார், பீன்ஸ் பொரியல். சமையல்காரர் நெல்லையப்ப அண்ணாச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறி வந்தார். வாளிக்குள் இருந்தவரை அது சாம்பார்தான், கரண்டியில் மொண்டபோதும் சாம்பார்தான். கரண்டியை விட்டிறங்கித் தட்டைத் தொட்டபோது, ஜாடிக்கு மேற்பக்கம் இருந்தவர்கள் தட்டில் அது கிராம்பு குத்தி நெருப்பில் வாட்டிய மாட்டுத் தொடையாக விழுந்தது. பொரியல், உலர்ந்த திராட்சையும் பட்டையும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த பன்றிக்கறியை உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட பெரிய அப்பமாக விழுந்தது. சோறு வெள்ளைவெளேரென்ற கோதுமை ரொட்டியாக எழும்பி உட்கார்ந்தது. தம்ளரில் இருந்த தண்ணீர் சிவந்து தித்தித்து ஒயினாக நின்றது. மேசையின் தலைப்பக்கத்தில், முருகன் படத்துக்குக் கீழே, காப்பாளர் நாற்காலியில் இருந்த உலகம்மை மேடத்தின் முன்னால், அது தலைமை இடம் என்பதால், உள்ளே வெந்து வெளியே தோகை போர்த்திய ஒரு முழு மயில், அலகில் பொன் பூசிக்கொண்டு, படத்தில் இருந்த தன் இனத்தானைப் பார்த்தபடி வந்து அமர்ந்தது.

ஜாடிக்குக் கீழ்ப்பக்கம், மாடத்தியின் தட்டில், அதே சாம்பார் பட்டாணியும் பார்லியும் கீரைத்தண்டும் வெங்காயமும் குழைந்த கஞ்சியாக இறங்கியது. சோறு, உமி நீங்காத முரட்டு மாவில் சுட்ட கறுத்த ரொட்டியானது. தண்ணீர் பழுப்பாகி, லேசாக நுரைத்து, ஊறிப் புளித்த பார்லி பானமானது; அது கிட்டத்தட்ட அவள் ஊர் நீராகாரம் மாதிரித்தான் இருந்தது. கஞ்சியில் உப்பு போதவில்லை. மாடத்தி ஜாடிக்குள் கைவிட்டு ஒரு கல் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இதில் புரியாத விஷயம் ஒன்றும் இல்லை. அந்த ராணி காலத்தில் பதவியும் நிலமும் இருந்தவர்கள் கறியாகத் தின்றார்கள். காய்கறி என்பது கறிக்கு வக்கற்றவர்கள் வயிற்றை நிரப்பிக்கொள்வது. பாடத்தில் இருக்கிறது. உலகம்மை மேடமே நடத்தியிருக்கிறார், தேர்வில் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஜாடியைத் தூக்கி வந்தபோது பாடத்தின் ஒரு பாதி மட்டும் அவருக்கு ஞாபகம் வந்தது, மேசைக்கு முழுப் பாடமும் ஞாபகம் இருந்தது.

முதலில் எல்லோரும் நெல்லையப்ப அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் போட்டது துவரம்பருப்புதாம்மா, எங்க அம்மை மேல ஆணை" என்று அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். பாத்திரங்களை மாற்றினார்கள், பருப்பை மாற்றினார்கள், ஓட்டலில் இருந்து தயிர்சாதம் வரவழைத்தார்கள். தயிர்சாதம் தட்டில் விழுந்ததும் கன்றுக்குட்டிக் காலைக் காய்ச்சி உறைய வைத்த கூழாக ஆடிக்கொண்டு நின்றது. கோயிலிலிருந்து ஐயர் வந்து பூசணிக்காய் உடைத்துக் கூடம் முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். தெளித்தவருக்கு மரியாதையாக மேற்பக்கம் இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். இலையில் ஒரு அன்னப்பறவை கழுத்தை மடித்துப் படுத்தது. அவர் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மான்கறியைச் சீசாவில் அள்ளிக்கொண்டு போக, வாசலைத் தாண்டியதும் சீசாவுக்குள் அது சாம்பாராகிவிட, முகர்ந்து பார்த்து, பெருங்காயம் கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னார். வனத்துறைக்காரர் ஒருவர் மயில் தோகையைக் கேட்டு வந்து கை நிறையக் கறிவேப்பிலையோடு திரும்பிப் போனார்.

ஊர் இந்த அதிசயத்தை மணத்தின் வழியாகத் தெரிந்துகொண்டது. மதிலுக்கு வெளியே கிராம்பும் மிளகும் கொழுப்பும் கமகமக்க, மத்தியானம் ஆனால் ஆட்கள் வந்து சுவரில் சாய்ந்து நின்று மூச்சை இழுத்தார்கள். சிலர் வீட்டிலிருந்து பழைய சோற்றைக் கொண்டுவந்து அந்த வாசத்தோடு சாப்பிட்டார்கள். ஒருவர் சுண்டல் வண்டி போட்டார். கசாப்புக்கடைக்காரர் ஒருவர், மேடத்தைப் பார்த்து, மிச்சம் விழுவதைத் தனக்குத் தந்தால் நல்லது என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாடத்தியின் அறைத்தோழி வடிவு, மூக்கைப் பொத்திக்கொண்டே. வடிவு வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். விரத நாளில் வெங்காயம்கூட உள்ளே வராது.

"நம்ம மலை மிளகுதான்ட்டி. அன்னைக்குக் கப்பலேறிப் போனது இன்னைக்கு வெந்து வந்திருக்கு. ஊர்க்காரி மொகத்தப் பாத்து மூக்கப் பொத்துதியே."

"ஏட்டி, போ. மூணு நேரமும் வெளிய குழாய்த் தண்ணியக் குடிச்சிட்டு இருக்கேன், நீ வேற."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வடிவு ஊருக்குப் போனாள். மேசையோடு போய்விடும் என்று நம்பித்தான் போனாள். மேசையோடு போகவில்லை. உப்புக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாளோ அந்தப் பக்கத்துச் சாப்பாடு அவளோடு பஸ் ஏறி வந்து, அவள் அம்மா ஆசையாக வைத்த வத்தக்குழம்பைத் தட்டில் முழுசாக வாட்டிய பன்றிக்குட்டியாக்கிப் போட்டது. அம்மா அலறவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். அக்கம்பக்கம் காதில் விழாத குரலில், "நீ ஹாஸ்டல்லயே இரும்மா, உனக்குப் பின்னால தங்கச்சி ஒருத்தி இருக்கா" என்று சொல்லி, மத்தியான பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமையாவது விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை கோழி தின்கிறவர்கள் வீட்டிலும் சைவம், அம்மனுக்கு உகந்த நாள், ராணிக்குக்கூடவா தெரியாது? ராணிக்கு வேறு கவலை இருந்தது. மீன்பிடிப் படகுகள் பிழைக்க வேண்டும், கடற்படைக்கு ஆள் வேண்டும் என்று அந்த அரசாங்கம் புதனும் வெள்ளியும் சனியும் கறி ஆகாது, மீன்தான் தின்ன வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. சட்டம் தவறாமல் அமலானது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, மஞ்சள் பூசி வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் தட்டில் விலாங்கு மீன் கண்ணைத் திறந்தபடி சுருண்டு கிடந்தது.

அன்றைக்குத்தான் வடிவு தட்டோடு எழுந்து, மேசையின் முழு நீளத்தையும் நடந்து, தொட்டிப் பக்கம் வந்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் நவுரு."

"எங்கூடயா? உப்புக்கு இந்தப் பக்கமா? யோசிச்சுத்தான் வாரியா?"

"பசிக்குட்டி. இப்பம் போயித் தர்க்கம் பண்ணாத."

மாடத்தி நகர்ந்தாள். வடிவின் தட்டில் விலாங்கு கலங்கி, கரைந்து, பட்டாணிக் கஞ்சியானது. அவள் அதை அள்ளி அள்ளித் தின்றாள். தின்னும்போது கண்ணீர் வந்தது. மாடத்தி ஜாடியிலிருந்து உப்பெடுத்து அவள் தட்டோரம் வைத்தாள். வடிவு எல்லாவற்றையும் வழித்துத் தின்றாள், அந்த உப்பைத் தவிர. மாடத்தி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். மனிதர்கள் எதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் அதோடு வாழப் பழகிவிடுவார்கள். கஞ்சிக்குக் 'கூட்டு' என்று பெயர் வைத்தார்கள், புளித்த பானத்துக்கு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தருவதுதானே என்று 'பார்லித் தண்ணி' எனப் பெயர் வைத்தார்கள், அதைக் குடித்துவிட்டு மத்தியான வகுப்பில் தூங்கி வழிந்ததற்கு வெயில் என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களில் விடுதி முழுக்க அந்தக் கடைக்கோடியில் குவிந்திருந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் தட்டு வைத்து, வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தின்றார்கள். மேலே கடப்பாக்கல் காலியாக, துடைத்த மாதிரி, மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதன் அந்தக் கோடியில் உலகம்மை மேடம் மட்டும் இருந்தார்.

அவர் இறங்கவில்லை. பசித்தது, மெலிந்தார், ஆனாலும் இறங்கவில்லை. கறி அல்லாத ஒன்றே ஒன்று தலைமை இடத்துக்கு வந்தது: பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்த பலகாரம், சர்க்கரையிலேயே வார்த்த கோட்டைகளும் கொத்தளங்களும். மேடம் மூன்று வேளையும் கோட்டைகளைத் தின்றார். ஒயினைத் 'திராட்சை ரசம்' என்று சொல்லித் தொண்டை நனைத்துக்கொண்டார். அவருடைய பல் மெல்ல மெல்லக் கறுத்தது. அந்தக் காலத்தில் சர்க்கரை வாங்க வசதியுள்ளவர்களுக்குத்தான் பல் கறுக்கும் என்பதால் வசதியில்லாதவர்கள் பல்லில் கரி பூசிக்கொண்டு திரிந்தார்கள் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்தவர், இப்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்தினார்.

மாடத்திக்கு இதில் சந்தோஷமா என்றால், ஒரு நாள் இருந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி டப்பாவோடு வந்தாள். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூடியில் வைத்துக் கொடுத்தாள். வறுவல் மாடத்தியின் கைக்கு வந்ததும் பட்டாணிக் கஞ்சியாக வழிந்தது. அம்மா மறுபடி வைத்தாள், மறுபடி வழிந்தது.

"என்னட்டி இது, சீக்காளிக்குக் கொடுக்க மாதிரி. ஒன்ன இங்க என்னதான் செய்தாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இடம் மாத்தி உக்கார வச்சிருக்காங்க."

"இடம் மாத்துனா கறி கஞ்சியாவுமா?"

"இங்க ஆவுது."

அம்மா மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் மேலேயிருந்து மாட்டுத் தொடையின் வாசம் மேசை நீளம் இறங்கி வந்தபோது மாடத்தியின் வாயில் நீர் ஊறியது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த மத்தியானம்தான் இன்னொன்றும் நடந்தது. உப்பெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மாடத்தி ஜாடியை ஒரு சாண் தன் பக்கம் இழுத்தாள். ஜாடியை ஒட்டி உட்கார்ந்திருந்த வடிவின் தட்டில் கஞ்சி கெட்டியாகி, எழும்பி, ஒரு வாத்தானது. "ஐயோ!" என்றாள் வடிவு. மாடத்தி ஜாடியைத் தள்ளினாள், வாத்து கஞ்சியானது. நெரிசலில் வேறு யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜாடி நகர்கிறது. இதுவரை அது நகரும் என்றே யாருக்கும் தெரியாது. ஐயரும் அதிகாரியும் அண்ணாச்சியும் மேடமும் பூசணிக்காயிலிருந்து பருப்புவரை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள், இந்த ஒன்றை மட்டும் நகர்த்திப் பார்க்கவில்லை. மாடத்தி தினமும் கைவிட்டு உப்பெடுக்கிற ஜாடி அது. முதல் நாளே மேற்பக்கத்துக்குத் தூளுப்புப் பாக்கெட் தனியாக வந்துவிட்டது. ஜாடியைத் தொடாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தூக்கி உள்ள வச்சிருட்டி" என்றாள் வடிவு, குரலைத் தாழ்த்தி. "ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். நான் எங்க வீட்டுக்குப் போவேன், நீ ஒங்க அம்மை கொண்டு வாரதத் திம்ப."

"இங்கன வச்சது நானா?"

"இல்லதான். ஆனா நீதான தொடுவ."

"அப்பம் நீ தொடு. ஒனக்கும் கை இருக்குல்லா."

வடிவு கையை நீட்டினாள். நீட்டத்தான் செய்தாள், அதை மறைக்கக் கூடாது. பீங்கானுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. நின்ற கையைப் பின்னால் இழுத்து, ஒன்றையும் தொடாத அந்தக் கையை, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகுதான் தான் துடைத்தது அவளுக்கே தெரிந்தது.

"மாடத்தி, நான் வேணும்னு..."

"சாப்புடு" என்றாள் மாடத்தி. "கூட்டு ஆறிரும்."

அந்த வாரமே பிள்ளைகள் சேர்ந்துபோய் உலகம்மை மேடத்திடம் முறையிட்டார்கள். இடம் போதவில்லை என்று ஆரம்பித்தார்கள். பிறகு, கீழ்ப்பக்கம்தான் இப்போது சைவப் பந்தி, அதில் போய்ப் பழைய பழக்கமுள்ளவர்கள் கலந்து உட்கார்ந்தால் எப்படி என்று வந்து நின்றார்கள். கல்லூரியை மதிப்பிட ஒரு குழுவும் வரப்போகிறது. குழு மாணவிகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். குழுத்தலைவரோ முட்டைகூடத் தொடாதவர். மேடம் யோசித்தார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு மாடத்தியைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க கேக்கறதும் நியாயம்தானே? இப்ப கறி மேல விழுது, காய்கறி கீழ விழுது. நீ கறி சாப்பிடுறவ. நீ மேல போய் உட்காரு, தலைப்பக்கமே உட்காரு. குழுவை நான் கீழ்ப்பக்கம் உட்கார வச்சுக்கறேன். பதவி உயர்வுன்னு நினைச்சுக்கோயேன்."

"அன்னைக்குக் கறி தின்னதுக்குக் கீழ போன்னீங்க. இன்னைக்கு அதே கறிக்காக மேல போங்கீங்க. நான் இருந்த இடத்துலதான் மேடம் இருக்கேன், உங்க மேசைதான் என்னைக் கண்டு ஓடுது."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பியே."

"நீங்க கேள்வி கேக்கீங்க, நான் பதில் சொல்லுதேன். வகுப்புல இதுக்குத்தான மேடம் மார்க் போடுவீங்க?"

கைக்குட்டையை எடுக்காமலே மேடம் சொன்னார்: "குழு வர்ற அன்னைக்கு நீ அந்த இடத்துல இருக்கக் கூடாது. இருந்தா, பெட்டியைக் கட்டிக்கிட்டு இரு. சாப்பிட்டு முடிச்ச கையோட கிளம்பணும்."

மாடத்தி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் தன்னோடு தானே வாதாடினாள். போனால் என்ன? கறி கிடைக்கும், அறை இருக்கும், தேர்வு எழுதலாம், அம்மா பஸ் மாறி மாறி வந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும். போனால், அடுத்த முறை மேசை மாறும்போது அடுத்த இடத்துக்குப் போகச் சொல்வார்கள், அதற்கும் ஒரு பாடம் நடத்துவார்கள். இல்லாவிட்டால் ஜாடியை அவளே தூக்கிவிடலாம். தூக்கினால் எல்லோருக்கும் சாம்பார் சாம்பாராகும். அதன் பிறகு, அவள் தொட்டதை அவளே எடுத்துச் சுத்தம் செய்துவிட்டாள் என்று ஆகும். இந்த இடத்தில் வாதம் முடிந்தது. எழுந்து பெட்டியைக் கட்டினாள்.

குழு வந்த அன்று கூடத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மாடத்தி பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஜாடியை ஒட்டித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், உட்கார்ந்தார்கள். மேடம் தொட்டிப் பக்கத்தைக் காட்டி, "ஐயா, இப்படி, பிள்ளைகளோட" என்று அழைக்க அழைக்க, குழுத்தலைவர், வயதான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, கை கழுவும் தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகத் தலைப்பக்கம் நடந்து, முருகன் படத்தைக் கும்பிட்டு, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். உடன் வந்தவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். தலைவரைப் போய் எழுந்திருங்கள் என்று யார் சொல்வது? சாப்பிட உட்கார்ந்தவரை எப்படி எழுப்புவது?

"அண்ணாச்சி, கொண்டு வாங்க" என்றார் தலைவர் மகிழ்ச்சியாக. "சாம்பார் வாசம் தூக்குது."

அண்ணாச்சி வாளியோடு சமையல்கட்டு வாசலில் நின்றார். காலை எடுத்து வைக்கவில்லை. வடிவு எழுந்தோடி மேடத்தின் காதில் எதையோ சொன்னாள். மேடத்தின் முகம் மாறியது. அண்ணாச்சியிடம் போய்ச் சன்னமாக, "அந்த ஜாடியை எடுத்து உள்ள வச்சிடுங்க" என்றார்.

"நானா?" அண்ணாச்சி வாளியைக் கை மாற்றிக்கொண்டார். "அந்தப் பிள்ளை புழங்குனதத் தொட்டு எடுத்துட்டு, அதே கையால நாளைக்கு நான் சமைச்சா, திங்கவா போறீங்க? நீங்கதானம்மா முத ஆளா என்னைய நிறுத்துவீங்க."

மேடம் வாயிற்காவலரைப் பார்த்தார், அவர் தோரணத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார், பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள். அகப்பையை வாங்கி, அதன் நீளக் காம்பால் அவரே எட்டி நின்று ஜாடியைத் தள்ளினார். காம்பு வளைந்து படக்கென்று ஒடிந்தது, ஜாடி அசையவில்லை. கைக்குத்தான் அது நகரும் போலிருந்தது. தலைப்பக்கத்திலிருந்து "என்ன சத்தம்?" என்று கேட்டார் தலைவர். "ஒண்ணுமில்லைங்கய்யா" என்று மேடம் திரும்பிச் சிரித்தபோது, கைக்குட்டை விலகி, கறுத்த பல் வரிசை கூடம் முழுக்கத் தெரிந்தது. தலைவரின் புன்னகை பாதியில் நின்றது.

மேடம் மாடத்தியின் அருகில் வந்து குனிந்தார். சர்க்கரை வாடையும் பட்டினி வாடையும் சேர்ந்து அடித்தது.

"மாடத்தி. அந்த ஜாடியை எடுத்து உள்ள வச்சிரும்மா."

இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு 'அம்மா'.

"நீ எங்க வேணும்னாலும் உட்கார்ந்துக்கோ. பெட்டியை மேல கொண்டுபோய் வையி, பரீட்சை எழுது, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ ஒருத்திதான் எடுக்க முடியும். நேரமாகுது, எடும்மா."

சமையல்கட்டு வாசலில் அண்ணாச்சியின் வாளியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஒரு கை நீட்டினால் போதும், அறையும் தேர்வும் அம்மாவின் டப்பாவும் திரும்பி வந்துவிடும். மாடத்தி அதையெல்லாம் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு மேடத்தின் கைகளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு, வேர்த்து, ஜாடிக்கு வெகு அருகில், வடிவின் கை நின்ற அதே விரற்கடை தூரத்தில் அவை நின்றுகொண்டிருந்தன. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருட்டைக் கண்டு மிரளும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, ஆனால் தலைப்பக்கம் வரைக்கும் கேட்கிற குரலில், மாடத்தி சொன்னாள்:

"பயப்படாம எடுங்க மேடம். நான் தினமும் தொடுதேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே."